ஒரு பைசாவும் நூற்றிருபது ரூபாயும்

2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றத்தில் ஒரு தீர்மானம் நிறைவேறியது. செயற்கைப் புல் போட்ட ஒன்பது கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் பராமரிப்புக்கு விடுவது, விளையாட வருபவர்களிடம் ஆளுக்கு ஒரு மணி நேரத்துக்கு 120 ரூபாய் வசூலிப்பது என்று முடிவு. கூட்டணிக் கட்சிக்காரர்களே எதிர்த்துக் குரல் கொடுத்தார்கள். ஓரிரு நாளில் தீர்மானம் வாபஸ்.

இங்கே கொல்கத்தாவில் அது காளி பூஜை வாரம். வங்கியில் பக்கத்து இருக்கை வங்காளி நண்பர் கால்பந்துப் பைத்தியம். "என்ன தாதா, உங்க ஊர்ல பந்தை உதைக்கவும் காசா?" என்று கேட்டார். அவருக்குப் பதில் சொல்வதற்குள் என் கை தானாகக் கால்குலேட்டரைத் தட்ட ஆரம்பித்துவிட்டது. பி.காம். படித்து, இருபது வருஷத்துக்கு மேல் வங்கியில் குப்பை கொட்டினால் அப்படித்தான் :-)

ஒரு பையன் தினமும் ஒரு மணி நேரம், மாதத்தில் 25 நாள் ஆடினால் 3,000 ரூபாய். அண்ணன் தம்பி இரண்டு பேர் என்றால் 6,000. பக்கத்துக்கு ஐந்து பேர் வைத்து ஒரு மணி நேரம் ஆடினால் 1,200. தீர்மானம் நடைமுறைக்கு வந்திருந்தால், வடசென்னையில் கூலி வேலைக்குப் போகிற ஒருவர் பிள்ளையை எப்படி அனுப்பியிருப்பார்?

"120 அதிகம், 20 வைத்திருக்கலாமே?" என்று கேட்பவர்கள் உண்டு. தொகை எவ்வளவு என்பது இரண்டாவது கேள்வி என்பது என் கட்சி. பொது இடத்தின் வாசலில் உட்கார்ந்து வசூலிக்கத்தான் வேண்டுமா என்பது முதல் கேள்வி. நான் பிழைக்க வந்த இந்த ஊருக்கு அதில் இருநூறு வருஷ அனுபவம் இருக்கிறது. அதைக் கொஞ்சம் பார்த்துவிட்டு வருவோம்.

லாட்டரியில் வெட்டிய குளம்

கல்கத்தாவின் பழைய சாலைகளும் குளங்களும் எந்தப் பணத்தில் வந்தன தெரியுமா? பெரும்பகுதி லாட்டரிச் சீட்டுப் பணம். 1817-இல் லாட்டரி கமிட்டி என்று ஒன்றையே அமைத்தார்கள். சீட்டு விற்ற லாபத்தில் ஸ்ட்ராண்ட் ரோடு, கார்ன்வாலிஸ் தெரு, காலேஜ் தெரு, வெலிங்டன் தெரு என்று வரிசையாகப் போட்டார்கள். கூடவே சதுக்கங்கள், நடுவில் குளங்கள். 1813-இல் கட்டி முடித்த டவுன் ஹாலும் லாட்டரிக் காசுதான். சூதாட்டக் காசில் நகரம் கட்டுவதா என்று இங்கிலாந்தில் எதிர்ப்பு வந்ததும், 1836-இல் கமிட்டியை மூடினார்கள்.

காலேஜ் சதுக்கத்துக் குளத்தை உள்ளூர்க்காரர்கள் கோல்தீகி என்பார்கள். பழைய புத்தகம் வாங்கப் போனால் எட்டிப் பாருங்கள். இன்றும் அங்கே நீச்சல் கிளப்புகள் இருக்கின்றன, பிள்ளைகள் சந்தா கட்டிப் பயில்கிறார்கள். குளம் வெட்டிய செலவை அந்தப் பிள்ளைகள் தலையில் யாரும் கட்டவில்லை. சொல்லிக் கொடுப்பவருக்கும் பராமரிப்புக்கும் மட்டும் சந்தா.

வங்கிப் பாஷையில் சொன்னால், மூலதனச் செலவு வேறு, நடைமுறைச் செலவு வேறு. கட்டணம் நிர்ணயிக்க உட்காருபவர்கள் முதலில் குழப்பிக் கொள்வது இந்த இடத்தில்தான்.

நம்ம லேக், நம்ம அரையணா

கொல்கத்தாத் தமிழர்களுக்கு லேக் மார்க்கெட்டை அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. வாழைப்பூவும் முருங்கைக்காயும் கிடைக்கும் இடம். ராஷ்பிஹாரி அவென்யூ, லேக் ரோடு பக்கம் நம்மவர்கள் குடியேறி மூன்று தலைமுறை ஆகிறது. அந்தப் பேரில் உள்ள 'லேக்' எப்படி வந்தது?

1911-இல் ஒரு சட்டம் போட்டு, மறு வருஷம் கல்கத்தா இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்டைத் தொடங்கினார்கள். அந்த டிரஸ்ட் 1920-களில் தெற்கே சதுப்பாகக் கிடந்த நிலத்தை எடுத்து, ஏரி வெட்டி, அந்த மண்ணைக் கொட்டிச் சுற்றுப்புறத்தை மேடாக்கி, வீட்டுமனை போட்டது. மொத்தம் 192 ஏக்கர், அதில் தண்ணீர் மட்டும் 73 ஏக்கர். தாகுரியா லேக் என்றிருந்த பெயர் 1958-இல் ரவீந்திர சரோபர் ஆனது.

டிரஸ்டுக்கு வருமானம் வந்த வழிகளைப் பாருங்கள். ஏற்றுமதியாகும் சணல் மீது வரி. சொத்து கைமாறும்போது கூடுதல் முத்திரைத் தீர்வை. சாலை போட்டதும் விலை ஏறிய மனைகளை விற்ற லாபம். கடைசியாக, தூரத்திலிருந்து ரயிலிலும் நீராவிப் படகிலும் நகரத்துக்கு வந்து போகும் பயணிகளிடம் தலைக்கு அரையணா. மெட்ராஸ் மெயிலில் பெட்டி படுக்கையோடு வந்து இறங்கிய நம் தாத்தாமார்களும் அந்தக் கணக்கில் சேர்ந்திருப்பார்கள். அவர்கள் டிக்கெட்டோடு டிக்கெட்டாகக் கொடுத்த அரையணாவில் கொஞ்சம் இந்த ஏரியிலும் கரைந்திருக்கும்!

படகுத் துறை பக்கம் கல்கத்தா ரோயிங் கிளப், லேக் கிளப், பெங்கால் ரோயிங் கிளப் எல்லாம் உண்டு. அங்கே உறுப்பினர் ஆக வேண்டும், பணம் கட்ட வேண்டும். ஒரு படகில் நான் உட்கார்ந்தால் அந்த இடத்தில் நீங்கள் உட்கார முடியாது. அதனால் படகுக்குக் கட்டணம் சரி. கரையில் நடப்பது வேறு. நான் நடப்பதால் உங்கள் நடை குறையப் போவதில்லை. காலையில் நடப்பவர்களிடம் டிக்கெட் கேட்காத ஏரி இது. யாரும் உட்கார்ந்து தத்துவம் பேசி இப்படிச் செய்தார்களா என்று எனக்குத் தெரியாது, ஆனால் கணக்குப்படி இது சரியான பிரிவினை.

ராணுவத்தின் புல்வெளி

அடுத்தது மைதான். பிளாசிப் போருக்குப் பிறகு 1758-இல் புதிய ஃபோர்ட் வில்லியம் கட்ட ஆரம்பித்தார்கள். பீரங்கி சுடும் பாதை மறையக்கூடாது என்று சுற்றிலும் காட்டை அழித்து வெட்டவெளியாக்கினார்கள். இன்றைக்கும் அந்த நிலம் ராணுவத்தின் பொறுப்பில்தான் இருக்கிறது. பெரிய கிளப்புகளுக்கு வேலி போட்ட மைதானங்கள் உண்டு. மற்றபடி பரந்த புல்வெளி. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரே இடத்தில் பத்து கிரிக்கெட் ஆட்டம் நடக்கும், யார் பந்து யாருடையது என்று அவர்களுக்கே தெரியாது.

1911 ஜூலை 29-ஆம் தேதி மோகன் பகான் அணி ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்டை 2-1 என்று ஜெயித்து ஐ.எஃப்.ஏ. ஷீல்டை வாங்கியது இந்த மைதானில்தான். கிட்டே போய்ப் பார்க்க முடியாதவர்களுக்குப் பட்டம் விட்டு கோல் கணக்குச் சொன்னார்கள் என்று ஊரில் கதையாகச் சொல்வார்கள். பார்ப்பதற்கு டிக்கெட் வாங்கட்டும், போகட்டும். விளையாடவே டிக்கெட் என்றால் அந்தப் பதினொரு பேர் எங்கிருந்து கிளம்பி வந்திருப்பார்கள்?

ஒரு பைசாவுக்காக எரிந்த டிராம்கள்

1953 கதைக்கு வருவோம். கல்கத்தா டிராம்வேஸ் லண்டனில் பதிவான கம்பெனி. ஜூலை 1 முதல் இரண்டாம் வகுப்புக் கட்டணத்தை ஒரு பைசா ஏற்றியது. அப்போது ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 4 பைசா. ஆக, ரூபாயில் 64-இல் ஒரு பங்கு. இவ்வளவுதான் ஏற்றம்.

ஊர் பற்றிக்கொண்டது. எதிர்ப்புக் கமிட்டி அமைந்தது. ஃபார்வர்டு பிளாக்கின் ஹேமந்த குமார் போஸ், கம்யூனிஸ்ட் கட்சியின் ஜோதி பாசு போன்றவர்கள் முன்னால் நின்றார்கள். ஜனங்கள் டிராமில் ஏறிப் பழைய கட்டணத்தைத்தான் தருவோம் என்றார்கள். கடையடைப்பு, 144 தடை, கைது, துப்பாக்கிச் சூடு, எரிந்த டிராம்கள். முதலமைச்சர் பி.சி. ராய் அரசுக்கும் கம்பெனிக்கும் வேறு வழியில்லாமல் போய், ஏற்றம் ஒரு மாதத்துக்குள் நின்றது. 'ஒரு பைசாச் சண்டை' என்று இங்கே பெரியவர்கள் இன்னமும் பேசுவார்கள்.

வெறும் ஒரு பைசாவுக்கா இத்தனை? பிரிவினையில் வீடு வாசல் இழந்து வந்த அகதிகள் நிறைந்த ஊர் அது. வேலை கிடையாது, அரிசி விலை ஏறிக் கிடந்தது. இரண்டாம் வகுப்பில் போகிறவன் தினம் இரண்டு தடவை அந்தப் பைசாவை எண்ணிக் கொடுக்க வேண்டும். அதுவும் லண்டன் கம்பெனிக்கு. கணக்குப் புத்தகத்தில் சின்னதாகத் தெரியும் தொகை, கொடுக்கிறவன் சட்டைப்பையில் எவ்வளவு கனம் என்பது கணக்கருக்குத் தெரியாது. நான் இதைச் சொல்லும்போது என் சக கணக்கர்கள் முறைக்கலாம். பரவாயில்லை.

சறுக்குப் பலகைப் பிள்ளைகள்

அமெரிக்காவில் இருக்கும் நண்பர்களுக்கு ஸ்கேட் பார்க் தெரிந்திருக்கும். கான்கிரீட்டில் பள்ளமும் மேடும் கட்டி, சக்கரம் வைத்த பலகையில் பிள்ளைகள் வித்தை காட்டும் இடம். 1976-இல் கலிஃபோர்னியாவின் கார்ல்ஸ்பாடில் ஒன்று திறந்தார்கள். தொடர்ந்து நாடு முழுக்கத் தனியார் பார்க்குகள், எல்லாம் காசு கொடுத்து நுழைவது. சில வருஷங்களிலேயே பெரும்பாலானவை மூடப்பட்டன. விழுந்தால் வழக்கு, அதனால் காப்பீட்டுச் செலவு. அந்தச் செலவைக் கட்டணத்தில் ஏற்ற முடியவில்லை. மோகமும் குறைந்தது.

வழக்குக்குப் பயந்து நகராட்சிகளும் கிட்டே போகவில்லை. 1997-இல் கலிஃபோர்னியா ஒரு சட்டம் கொண்டுவந்தது. பலகைச் சறுக்கு இயல்பிலேயே ஆபத்தான விளையாட்டு, 14 வயதும் அதற்கு மேலும் உள்ளவர்கள் தெரிந்தேதான் ஆடுகிறார்கள், தலைக்கவசம் மாதிரியான பாதுகாப்பு விதிகள் இருந்தால் நகராட்சி மேல் பழி வராது என்பது அதன் சாரம். அதன்பின் ஊருக்கு ஊர் நகராட்சி ஸ்கேட் பார்க்குகள் முளைத்தன. பெரும்பாலும் இலவசம், வாசலில் ஆள் கிடையாது. கட்டணத்தைத் தீர்மானித்தது சிமென்ட் விலையோ கூலியோ இல்லை, விழுந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விதான். அதற்குச் சட்டத்தில் பதில் கிடைத்ததும் கட்டணத்துக்கான காரணமே பெரிதும் போய்விட்டது.

நம் நாட்டில் இன்னும் அழகான உதாரணம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்தில் பன்னா பக்கம் ஜன்வார் என்ற சின்ன கிராமம். 2015-இல் உல்ரிகே ரைன்ஹார்ட் என்ற ஜெர்மானியப் பெண்மணி அங்கே ஸ்கேட் பார்க் கட்டினார். டிக்கெட் கிடையாது. இரண்டே விதிகள். பள்ளிக்கூடம் போகாதவருக்குப் பலகை கிடையாது. பலகை எடுப்பதில் பெண் பிள்ளைகளுக்கு முதலிடம். வாசலில் எதையாவது கேட்டே ஆகவேண்டும் என்றால் இப்படியும் கேட்கலாம்!

அப்படியானால் யார் கொடுப்பது?

நியாயமான கேள்வி. இலவசம் என்றால் செலவே இல்லை என்று அர்த்தம் இல்லை. செயற்கைப் புல் தேயும், சில வருஷத்தில் மாற்ற வேண்டும். ராத்திரி விளக்குக்கு மின்கட்டணம், காவலாளிக்குச் சம்பளம். நியூ டவுனில் 2012-இல் திறந்த 480 ஏக்கர் ஈகோ பார்க்கில் நுழைவுக் கட்டணம் உண்டு, உள்ளே படகுக்கும் சைக்கிளுக்கும் தனிக்கட்டணம் உண்டு. வருஷத்துக்கு இரண்டு முறை குடும்பத்தோடு போகும் இடத்தில் அது பெரிதாக உறுத்தாது. தினமும் போகிற தெருக்கோடி மைதானத்தை அதே தராசில் வைக்கக் கூடாது.

என்னைக் கேட்டால் இப்படி வைப்பேன்:

1. கட்டிய செலவு ஊர் வரியில் போகட்டும். மைதானம் வந்ததால் மனை விலை ஏறுகிறவர்களும் அதில் பங்கு தரட்டும். இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் காட்டிய வழி.

2. ஒருவர் எடுத்தால் இன்னொருவருக்கு இல்லாமல் போகும் விஷயத்துக்கு மட்டும் கட்டணம். மைதானத்தை முழுசாக முன்பதிவு செய்யும் கம்பெனி அணி, காசு வாங்கிப் பயிற்சி தரும் அகாடமி, போட்டி நடத்துபவர்கள். இவர்களிடம் தாராளமாக வாங்கலாம்.

3. பள்ளி விட்டு இருட்டும் வரை பிள்ளைகளுக்குத் திறந்திருக்க வேண்டும். அந்த நேரத்தை யாருக்கும் விற்கக் கூடாது.

4. வசூல் செலவையும் கணக்கில் எழுத வேண்டும். டிக்கெட் கொடுப்பவர், ரசீது, தணிக்கை எல்லாம் சேர்த்துப் பார்த்தால், ஐந்தும் பத்துமாக வாங்குவதில் கையில் எவ்வளவு மிஞ்சும்? வேலைக்கு ஆள் வைத்து, அவர் சம்பளத்துக்காகப் பிள்ளைகளிடம் வசூலித்த மாதிரி ஆகிவிடும்.

வெளியூரில் வாழும் நமக்கு இதில் கூடுதல் அக்கறை வேண்டும். அடுக்குமாடி வளாகத்துக்குள் நீச்சல் குளமும் ஸ்கேட்டிங் தளமும் நமக்குக் கிடைத்துவிடுகின்றன. பராமரிப்புத் தொகையில் சேர்த்துக் கட்டிவிடுவதால் வாசல் கட்டணம் கண்ணில் படுவதில்லை. வளாகத்து மதிலுக்கு வெளியே வீட்டு வேலைக்கு வரும் அக்காவின் பிள்ளைக்கு இருப்பது ஊர் மைதானம் ஒன்றுதான். அதற்குக் கட்டணம் வைக்கும் பேச்சு உங்கள் வார்டில் வந்தால் கூட்டத்துக்குப் போங்கள். எவ்வளவு என்று கேட்பதற்கு முன்னால், யாரிடமிருந்து, எதற்கு என்று கேளுங்கள்.