பகவந்தியை ஏன் பிடித்தது? ‘ஹம் லோக்’ தொடரும் ஒரு மறுவாசிப்பும்

தொலைக்காட்சித் தொடர்கள் பெண்ணுரிமை உணர்வை வளர்த்தனவா என்ற விவாதத்தில் ‘ஹம் லோக்’ தோற்றுப்போன முயற்சியாகப் பேசப்படுவதுண்டு. 1984 ஜூலையிலிருந்து 1985 டிசம்பர் வரை 156 பகுதிகளாகத் தூர்தர்ஷனில் ஓடிய இத்தொடரைப் பற்றி வில்லியம் பிரவுனும் மைக்கேல் கோடியும் 1991இல் எழுதிய ஆய்வே இக்கணிப்புக்கு முக்கிய ஆதாரம். தொடரை அதிகம் பார்த்ததால் பெண் சமத்துவ உணர்வு கூடியதாகத் தெரியவில்லை என்றார்கள் அவர்கள். நேயர்கள் பலர், குடிகாரக் கணவனையும் மாமியாரின் ஏச்சையும் பொறுத்துக்கொண்ட தாய் பகவந்தியை முன்மாதிரியாக ஏற்றதையும் சுட்டிக்காட்டினார்கள். எச்சரிப்பதற்காகப் படைக்கப்பட்ட பாத்திரம் இலட்சியமாகிவிட்டது, ஆகவே செய்தி திசைமாறிவிட்டது என்பது அவர்கள் முடிவு.

இம்முடிவு அவசரப்பட்டது.

‘ஹம் லோக்’ பின்பற்றியது, சமூகச் செய்தி சொல்லும் தொடர்களுக்காக மெக்சிகோவின் மிகேல் சபிதோ வகுத்த முறை. அதில் நல்ல பாத்திரம், தீய பாத்திரம், இரண்டுக்கும் நடுவில் தடுமாறி மாறும் பாத்திரம் என மூன்று வகை உண்டு. நன்மைக்குப் பரிசு, தீமைக்குத் தண்டனை என்று கதை நகரும். இந்தக் கணக்கில் பகவந்தியை ‘எதிர்மறை முன்மாதிரி’ என்று வகைப்படுத்தியதிலேயே சிக்கல் தொடங்குகிறது. அடி வாங்குபவளை எதிர்மறை என்று அழைத்தால் அவளைப் பிடித்துப்போனவரெல்லாம் அடிமைத்தனத்தை ஏற்றவராகிவிடுவார். அவள் படும் பாட்டில் தன் வீட்டையே கண்ட பெண்ணுக்கு இந்த வகைப்பாட்டில் இடமே இல்லை.

பிரவுனும் கோடியும் பயன்படுத்திய தரவு டெல்லி, புனே, சென்னை வட்டாரங்களில் தொடர் முடிந்த பிறகு 1,170 பேரிடம் திரட்டியது. நாள் கடந்த பிறகு யாரைப் போல நடந்துகொள்ள விருப்பம் என்று கேட்டால் பொறுமையான தாயைச் சொல்வது மரியாதையான பதில். மனத்தில் இருந்ததைச் சொல்லும் பதில் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்தி புரியாத சென்னை வீடுகளின் பதிலையும் டெல்லிப் பதிலையும் ஒரே தராசில் வைப்பதும் சரியாகப் படவில்லை.

வலுவான சான்று வேறொன்று இருக்கிறது. ஒவ்வொரு பகுதியின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் அரை நிமிடம் போலத் தோன்றி, அன்றைய கதையை எடுத்துக்கொண்டு நேயரிடம் நேரடியாகப் பேசினார். நேயரின் கருத்தையும் அவர் கேட்டார். அவருக்கு மட்டும் நான்கு லட்சத்துக்கு மேல் கடிதங்கள் வந்ததாக ஆய்வாளர்கள் அரவிந்த் சிங்காலும் எவரெட் ரோஜர்ஸும் பதிவுசெய்திருக்கிறார்கள். மூத்த மகள் படகி, டாக்டர் அஷ்வினியை மணக்க வேண்டும் என்று வந்த கடிதங்கள் ஏராளம். கதையில் வரும் ஒரு பெண்ணின் திருமண முடிவு ஊரெல்லாம் விவாதிக்கும் விஷயமானது இதனால்தான். பெண்ணின் துயரத்தைப் பற்றிக் கருத்துச் சொல்லலாம், எழுதலாம் என்ற பழக்கம் பிறந்ததே விழிப்புணர்வின் முதல் படி. சமத்துவம் பற்றிய கேள்வித்தாளில் இது பதிவாகாது.

இந்த வாதத்துக்கும் வரம்பு உண்டு. கடிதம் எழுதியவர்கள் எழுத்தறிவும் தொலைக்காட்சிப் பெட்டியும் உள்ளவர்கள். அடித்தட்டுப் பெண்களின் குரலாக அதைக் கொள்ள இயலாது. குடும்பக் கட்டுப்பாட்டை அழுத்தமாகச் சொன்ன முதல் 13 பகுதிகள் எடுபடாமல் போனதால் கதை பெண்களின் நிலை, குடும்ப உறவு பக்கம் திரும்பியது. அத்திருப்பத்தில் கடிதங்களின் பங்கு எவ்வளவு என்பதைத் தேதிவாரியாக நிறுவுவது கடினம்.

ஆனால் அடுத்தடுத்த தொடர்களில் கேள்வி கேட்கும் இடம் மாறியதைத் தெளிவாகப் பார்க்கலாம். ‘ஹம் லோக்’கில் கதைக்கு வெளியே நின்ற வயதான ஆணான அசோக் குமார் கேட்டார். 1985இல் பாசு சாட்டர்ஜி இயக்கிய ‘ரஜனி’யில் பிரியா தெண்டுல்கர் நடித்த இல்லத்தரசியே கேஸ் சிலிண்டர் விநியோகத்தில் நடந்த அநியாயத்தைத் தட்டிக் கேட்டாள். 1989இல் வந்த ‘உடான்’ தொடரைக் கவிதா சௌத்ரி எழுதி, இயக்கி, நடித்தார். காவல் அதிகாரியாகும் கல்யாணியின் கதைக்கு அடிப்படை அவருடைய அக்கா காஞ்சன் சௌத்ரி பட்டாச்சார்யாவின் வாழ்க்கை. 2004இல் உத்தரகண்டின் காவல்துறைத் தலைமை இயக்குநரான காஞ்சனே நாட்டில் அப்பதவிக்கு வந்த முதல் பெண்.

பகவந்தியிலிருந்து கல்யாணி நேராகப் பிறந்தாள் என்று வாதிட ஆதாரம் போதாது. சொந்த வீட்டு அனுபவமே கவிதாவுக்குப் பெரிய தூண்டுதல். ஆனால் 1991இன் ஆய்வு ஒரு தொடரின் நேயர்களை மட்டும் அளந்து தோல்வி என்று எழுதியபோது, அதே அலைவரிசையில் ஐந்தே ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றம் அதன் பார்வைக்கு வெளியே போய்விட்டது.