மின்சாரக் கார்களின் உதிரிபாக வெளிச்சந்தை: தோற்றமும் பரவலும்

மின்சாரக் கார் சாலைக்கு வந்த காலத்திலேயே அதன் பேட்டரிக்குக் கார் நிறுவனத்துக்கு வெளியே ஒரு தனிச் சந்தை (வெளிச்சந்தை) இருந்தது. 20-ஆம் நூற்றாண்டின் முதல் இருபது ஆண்டுகளில் அமெரிக்க நகரங்களில் ஓடிய பேக்கர், டெட்ராய்ட் எலக்ட்ரிக் போன்ற கார்களைக் கட்டியவர் ஒருவர், பேட்டரியைச் செய்தவர் வேறொருவர். ஃபிலடெல்ஃபியாவில் 1888-இல் தொடங்கப்பட்ட எலக்ட்ரிக் ஸ்டோரேஜ் பேட்டரி கம்பெனி, ‘எக்ஸைடு’ என்ற பெயரில் ஈய அமில பேட்டரிகளை விற்றது. தாமஸ் எடிசனின் நிக்கல்-இரும்பு பேட்டரியை 1911 முதல் டெட்ராய்ட் எலக்ட்ரிக் காரில் 600 டாலர் கூடுதலாகக் கொடுத்துப் பொருத்திக்கொள்ள முடிந்தது. கனெக்டிகட் மாநிலத்தின் ஹார்ட்ஃபோர்டு நகர மின் நிறுவனம் 1910 முதல் 1924 வரை மின்சார லாரிகளுக்குப் பேட்டரியை மாற்றித் தரும் சேவையையே நடத்தியது. பேட்டரி தேயும், தேய்ந்ததை மாற்ற வேண்டும், அதற்குக் கார் நிறுவனத்தின் வாசலில்தான் நிற்க வேண்டும் என்பதில்லை: இந்த மூன்றும் அன்றைக்கே எல்லோரும் அறிந்தவை. பிற்காலத்தில் சிக்கலாகிப் போனது மூன்றாவதுதான்.

பெட்ரோல் காரைக் கையால் சுழற்றிக் கிளப்பும் தொல்லையை 1912-இல் காடிலாக் காரில் வந்த மின் ஸ்டார்ட்டர் போக்கியது. அதன்பின் மின்சாரக் கார்கள் மெல்ல மறைந்தன. டெட்ராய்ட் எலக்ட்ரிக் 1939 வரை தாக்குப்பிடித்தது. அடுத்த முப்பது ஆண்டுகளில் உதிரிபாகம் தேடுபவர்களும் அரிது, விற்பவர்களும் அரிது.

மறுதொடக்கம் ஆர்வலர்களின் ஷெட்டுகளில் நடந்தது. 1967-இல் கலிஃபோர்னியாவில் எலக்ட்ரிக் ஆட்டோ அசோசியேஷன் தொடங்கப்பட்டது. 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் இத்தகையவர்கள் பெருகினார்கள். ராணுவக் கழிவில் ஏலம் போன விமான ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரை மோட்டாராகவும், கோல்ஃப் வண்டியின் 6 வோல்ட் ஈய பேட்டரிகளை மின்சேமிப்பாகவும் வைத்து, ஃபோக்ஸ்வாகன் போன்ற சிறு கார்களை மின்சாரத்துக்கு மாற்றினார்கள். மோட்டாரைப் பழைய கியர்பாக்ஸுடன் இணைக்கும் தகடு, மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கன்ட்ரோலர், கனத்த கேபிள்கள் ஆகியவற்றைத் தொகுப்பாக விற்கும் சிறு கடைகள் 1980-களில் முளைத்தன. தொழிற்சாலை மின்சாரக் கார்கள் மிக அரிதாக இருந்த நிலையில் அவற்றுக்கான பாகச் சந்தை முன்னதாக உருவான விந்தை இது. பாகங்கள் எல்லாம் ஃபோர்க்லிஃப்ட், கோல்ஃப் வண்டி போன்ற வேறு தொழில்களிலிருந்து கடன் வாங்கியவை.

கலிஃபோர்னியா மாநிலம் 1990-இல் கொண்டுவந்த புகையில்லா வாகன விதி பெரிய நிறுவனங்களை இத்துறைக்குள் இழுத்தது. ஜெனரல் மோட்டார்ஸ் 1996 முதல் 1999 வரை 1,117 ஈவி1 கார்களைத் தயாரித்துக் குத்தகைக்கு மட்டும் விட்டது. குத்தகை முடிந்ததும் கார்களைத் திரும்பப் பெற்றுப் பெரும்பாலானவற்றை நசுக்கியது. அருங்காட்சியகங்களுக்கும் கல்லூரிகளுக்கும் போன சிலவும் பெரும்பாலும் ஓட முடியாதபடி செய்யப்பட்டவையே. வாடிக்கையாளர்கள் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள முன்வந்தும் நிறுவனம் இசையவில்லை. உதிரிபாகங்களை இனித் தொடர்ந்து தர இயலாது என்பது அது சொன்ன காரணங்களில் ஒன்று. ஒரு காரின் ஆயுளை அதன் பாக வழங்கல் எப்படி முடித்துவைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று இல்லை. உரிமை கைமாறாத காருக்கு வெளிச்சந்தை உருவாகவும் வழியில்லை.

உரிமையோடு விற்கப்பட்ட கார்களில் கதை வேறாக நடந்தது. டொயோட்டா பிரியஸ் 1997-இல் ஜப்பானிலும் 2000-இல் அமெரிக்காவிலும் விற்பனைக்கு வந்தது. அது பெட்ரோலும் மின்சாரமும் கலந்த ஹைப்ரிட் காரே ஆனாலும், உயர் மின்னழுத்த பேட்டரியைப் பிரித்துப் பழுது பார்க்கும் தொழிலை உலகுக்குக் கற்றுக்கொடுத்தது. 2003-இல் வந்த இரண்டாம் தலைமுறைக் காரின் பேட்டரியில் 7.2 வோல்ட் வீதம் 28 நிக்கல் மாட்யூல்கள் (செல்களின் தொகுப்புகள்) வரிசையாக அடுக்கப்பட்டிருக்கும். பத்தாண்டு ஓடிய பின் அவற்றில் ஓரிரண்டு மட்டும் தளர்ந்தாலே எச்சரிக்கை விளக்கு எரிந்துவிடும். விபத்துக் காரிலிருந்து எடுத்த மாட்யூல்களைச் சோதித்து, ஒத்த திறனுள்ளவற்றைப் பொறுக்கிச் சேர்த்து, துருப்பிடித்த இணைப்புத் தகடுகளைச் சுத்தம் செய்து, புதிய பேட்டரியின் விலையில் ஒரு பகுதிக்கு விற்கும் பட்டறைகள் அமெரிக்காவிலும் பிறகு பல நாடுகளிலும் தோன்றின. மங்கோலியா இதற்குத் தனி எடுத்துக்காட்டு. ஹைப்ரிட் கார்களுக்கு வரிச் சலுகை கிடைத்ததாலும் கடுங்குளிரிலும் அவை எளிதில் கிளம்பியதாலும், ஜப்பானில் பயன்படுத்திய பிரியஸ்கள் உலான்பாத்தர் தெருக்களை நிறைத்தன. வண்டிகள் போன வழியிலேயே பேட்டரிப் பட்டறைகளும் போயின.

முழு மின்சாரக் காரில் இந்தச் சந்தையை உருவாக்கியது நிசான் லீஃப். 2010 டிசம்பரில் விற்பனைக்கு வந்த இந்தக் காரின் தரைக்கு அடியில் ஏறத்தாழ 300 கிலோ எடையுள்ள 24 கிலோவாட்-மணி பேட்டரி இருந்தது. அதனுள் தட்டையான டப்பாக்களைப் போன்ற 48 மாட்யூல்கள், ஒவ்வொன்றிலும் நான்கு செல்கள். பேட்டரியைக் குளிர்விக்கத் திரவ ஓட்டம் இல்லை. விலையைக் குறைக்க எடுத்த இந்த முடிவுதான் பின்னாளில் உலகம் முழுவதும் ஒரு வணிகத்துக்கு வித்திட்டது. 2012 கோடையில் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், ஓராண்டு, ஒன்றரை ஆண்டு ஓடிய லீஃப்களின் கொள்ளளவு கண்ணெதிரே சரிந்தது. டாஷ்போர்டில் கொள்ளளவைக் காட்டும் 12 கோடுகளில் முதலாவது மறையும்போதே 15 சதவீதம் போயிருக்கும். வழக்கும் புகாரும் எழுந்த பிறகு, ஐந்தாண்டுக்குள் அல்லது 60,000 மைலுக்குள் ஒன்பது கோடுகளுக்குக் கீழே இறங்கினால் சரிசெய்து தருவதாக நிசான் உத்தரவாதம் அளித்தது. 2014-இல் மாற்று பேட்டரிக்குப் பழையதைத் திருப்பிக் கொடுத்தால் 5,499 டாலர் என்று விலையும் அறிவித்தது. முதல் இரண்டாண்டு மாடல்களுக்கு அதைப் பொருத்த 225 டாலர் அளவில் தனி இணைப்புத் தொகுப்பு வேண்டியிருந்தது.

இந்த ஏற்பாடு நிசான் நேரடியாக விற்ற நாடுகளுக்குத்தான். லீஃப் அவற்றோடு நிற்கவில்லை. பயன்படுத்திய கார்களை ஜப்பான் பெருமளவில் ஏற்றுமதி செய்யும் நாடு. வலப்பக்க ஸ்டியரிங் உள்ள நாடுகளான நியூசிலாந்துக்கும் இலங்கைக்கும் லீஃப்கள் கப்பல் கப்பலாகப் போயின. இலங்கையில் 2014, 2015 ஆண்டுகளில் மின்சாரக் கார்களுக்கு இறக்குமதி வரி மிகக் குறைவாக இருந்ததால் ஆயிரக்கணக்கில் வந்திறங்கின. பின்னர் வரி கடுமையாக உயர்த்தப்பட்டு வரத்து சுருங்கியது. ஏற்கெனவே வந்த கார்கள் வெப்ப நாட்டில், உற்பத்தியாளரின் உத்தரவாதம் இல்லாமல் ஓடின. செகண்ட்ஹேண்ட் விளம்பரங்களில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்பதோடு எத்தனை கோடு மிஞ்சியிருக்கிறது என்பதும் இடம்பெறத் தொடங்கியது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியே நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு வழி மீண்டும் திறந்தது 2025 பிப்ரவரியில்தான். அதுவரை, இருக்கும் காரை எப்படியாவது ஓடவைப்பதைத் தவிர உரிமையாளருக்கு வேறு வழியில்லை.

அத்தகைய காரின் பேட்டரியைப் பழுது பார்க்கும் பட்டறையில் நடப்பதை அருகில் பார்த்தால் இந்தச் சந்தையின் இயல்பு விளங்கும். முதலில் சர்வீஸ் பிளக்கை இழுத்து மின்சுற்றைத் துண்டிக்கிறார்கள். இன்வெர்ட்டரின் கெப்பாசிட்டர்கள் வடியும்வரை சில நிமிடங்கள் காத்திருக்கிறார்கள். பிறகு மின்காப்புக் கையுறையோடு ஆரஞ்சு நிற உயர் அழுத்தக் கேபிள்களைக் கழற்றி, பேட்டரிப் பெட்டியை லிஃப்ட் மேசையில் கீழே இறக்குகிறார்கள். மூடியைச் சுற்றிலும் ஒட்டியிருக்கும் பசையைக் கத்தியால் அறுத்துத் திறந்து, 96 இணைச் செல்களின் மின்னழுத்தத்தையும் ஒவ்வொன்றாக அளக்கிறார்கள். நலிந்த மாட்யூலை எடுத்துவிட்டு, விபத்துக் காரிலிருந்து கிடைத்த, ஏறத்தாழ அதே வயதுள்ள மாட்யூலை வைக்கிறார்கள். புத்தம்புது மாட்யூலைப் பழையவற்றோடு சேர்த்தால் பயனில்லை. தொடரில் உள்ள மிக நலிந்த செல்தான் முழு பேட்டரியின் எல்லையை வகுக்கும். ஆகவே இந்தச் சந்தையில் கிராக்கி புதிய பாகத்துக்கு மட்டுமல்ல, சரியான அளவில் பழையதாகிவிட்ட பாகத்துக்கும் இருக்கிறது. பெட்ரோல் கார் உதிரிபாகக் கடைகளுக்குப் பழக்கமில்லாத தேவை இது.

நிசானும் இந்த வழிக்கு வந்தது. சுமிட்டோமோவுடன் சேர்ந்து 2010-இல் தொடங்கிய 4ஆர் எனர்ஜி நிறுவனம், 2018-இல் ஃபுகுஷிமா மாவட்டத்தின் நாமியே ஊரில் பழைய லீஃப் பேட்டரிகளைப் புதுப்பிக்கும் ஆலையைத் திறந்தது. புதிய 24 கிலோவாட்-மணி பேட்டரி 6,50,000 யென் விற்றபோது, புதுப்பித்தது 3,00,000 யென்னுக்குக் கிடைத்தது. வெளிப் பட்டறைகளோ இன்னொரு படி மேலே போயின. 2018 மாடலின் 40 கிலோவாட்-மணி பேட்டரி பழைய லீஃபின் அடியிலும் பொருந்தும் என்று கண்டன. ஆனால் புதிய பேட்டரி அனுப்பும் தகவலைப் பழைய கார் புரிந்துகொள்ளாது. இரண்டுக்கும் நடுவே தகவலை மாற்றித் தரும் சிறு மின்னணுப் பலகையை வெவ்வேறு நாட்டு ஆர்வலர்கள் வடிவமைத்தார்கள். பத்தாண்டு பழைய கார் புதியதாக இருந்தபோது ஓடியதைவிடக் கூடுதல் தூரம் ஓடியது. பெட்ரோல் காரில் எஞ்சினை மாற்றினாலும் இப்படி ஒரு பலன் அரிது.

அமெரிக்க ஏலக் களங்களில் விபத்துக் காராக விற்ற மின்சாரக் கார்கள் கருங்கடலைத் தாண்டி உக்ரைனுக்கும் ஜார்ஜியாவுக்கும், இன்னொரு பக்கம் ஜோர்டானுக்கும் போய்ச் செப்பனிடப்பட்டு மீண்டும் ஓடுகின்றன. கார் எளிதாகப் பயணம் போகிறது, அதன் பேட்டரி அப்படிப் போவதில்லை. லித்தியம்-அயன் பேட்டரி அபாயகரமான சரக்கு. 2016 ஏப்ரல் முதல் தனி பேட்டரிகளைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்றத் தடை உண்டு. சரக்கு விமானத்தில் ஏற்றுவதானாலும் 30 சதவீதத்துக்கு மேல் சார்ஜ் இருக்கக்கூடாது. சேதமுற்ற பேட்டரிக்கு விதிகள் இன்னும் கடுமை. இதனால்தான் பல நாடுகளில் தேவையான பேட்டரி பெட்டியில் வருவதைவிட, உடைக்கப்போகும் முழுக் காராகவே துறைமுகத்தில் வந்திறங்குகிறது.

மற்ற பாகங்களைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், சைலன்சர், டைமிங் பெல்ட் ஆகியவற்றுக்கு மின்சாரக் காரில் வேலையில்லை. வேகம் குறையும்போது மோட்டாரே பிரேக்காக இயங்குவதால் பிரேக் பேடு நீண்ட நாள் உழைக்கும். டயர் விரைவில் தேயும்: வண்டியின் எடையும் தொடக்க இழுவிசையும் கூடுதல். சஸ்பென்ஷன் புஷ், 12 வோல்ட் பேட்டரி, சார்ஜிங் சாக்கெட், உள் சார்ஜர் ஆகியவற்றுக்குத் தேவை நிலையானது. ஏ.சி. கம்ப்ரசர் உயர் மின்னழுத்தத்தில் இயங்குவதால் அதற்கு மின்காப்பைக் கெடுக்காத தனி வகை ஆயில் வேண்டும். சாதாரணக் காருக்கு ஊற்றும் ஆயில் கலந்தால் மின்கசிவு எச்சரிக்கை எழுந்து கார் நின்றுவிடும்.

கண்ணுக்குத் தெரியாத பாகங்களும் தேய்கின்றன. டெஸ்லாவின் மாடல் எஸ், மாடல் எக்ஸ் கார்களில் நடுத்திரையை இயக்கிய 8 ஜிகாபைட் நினைவகச் சிப், ஓயாமல் பதிவெழுதி ஆயுள் தீர்ந்துபோனது. 2021-இல் அமெரிக்காவில் ஏறத்தாழ 1,35,000 கார்கள் இதற்காகத் திரும்ப அழைக்கப்பட்டன. அதற்கு முன்பே வெளி மெக்கானிக்குகள் அந்தச் சிப்பை மட்டும் பெயர்த்து, பெரியதைச் சால்டர் செய்து கொடுத்துவந்தார்கள். ஆனால் பல புதிய கார்களில் பாகத்தை மாற்றினால் மட்டும் போதாது. உற்பத்தியாளரின் கணினியோடு அதை இணைத்துப் பதிவுசெய்யாவிட்டால் கார் ஏற்காது. இந்த மென்பொருள் பூட்டு பாதுகாப்புக்கு என்று சொல்லப்பட்டாலும், போட்டியைத் தடுக்கும் கருவியாகவும் அது பயன்படுகிறது என்பதை மறுக்க முடியாது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2012-இல் பழுதுபார்ப்பு உரிமைச் சட்டத்தை இயற்றி, 2020-இல் வாக்கெடுப்பு மூலம் அதைக் காரிலிருந்து கம்பியில்லாமல் அனுப்பப்படும் தகவலுக்கும் விரித்தது. உற்பத்தியாளரே மறைந்துபோனால் நிலைமை இன்னும் மோசம். 2024 ஜூனில் ஃபிஸ்கர் நிறுவனம் திவாலானபோது, ஓஷன் கார் வைத்திருந்தவர்கள் பாகத்துக்கும் மென்பொருளுக்கும் தாங்களே சங்கம் அமைத்து அலைய நேர்ந்தது.

பழைய பெட்ரோல் கார்களை மின்சாரத்துக்கு மாற்றும் கலையும் இதே சந்தையில் மறுவாழ்வு பெற்றது. இப்போது அதற்கு உடைந்த டெஸ்லா, லீஃப் கார்களின் மோட்டாரும் மாட்யூலும் மூலப்பொருள். பிரான்ஸ் 2020-இல் இத்தகைய மாற்றத்துக்குச் சட்ட வழி வகுத்தது. ஃபோர்டு 2021-இல் 3,900 டாலருக்குத் தனி மோட்டாரையே விற்பனைக்கு வைத்தது. அதில் பேட்டரியும் இன்வெர்ட்டரும் சேராது என்பதால், எஞ்சியவற்றுக்கு வாங்கியவர் வெளிச்சந்தைக்குத்தான் போக வேண்டியிருந்தது. பழைய மாட்யூல்களை வீட்டுச் சூரிய மின்சாரச் சேமிப்புக்கு வாங்குவோரும் போட்டிக்கு வருவதால், விபத்துக் காரின் பேட்டரி மலிவான பொருளாக இல்லை.

சர்வதேச எரிசக்தி முகமையின் கணக்குப்படி பிளக்-இன் ஹைப்ரிட்களையும் சேர்த்து உலகில் ஓடும் மின்சாரக் கார்கள் 2020 முடிவில் சுமார் 1 கோடி, 2024 முடிவில் ஏறத்தாழ 5.8 கோடி. அதாவது 2024 முடிவில் அவற்றில் பெரும்பான்மை நான்கு வயதைத் தாண்டாதவை. பேட்டரிக்கு வழக்கமாக எட்டாண்டு உத்தரவாதம் இருப்பதால், இவற்றின் தேவை வெளிச்சந்தையை இன்னும் எட்டவில்லை. 2021-இல் விற்ற கார்கள் 2029-இல்தான் உத்தரவாதத்திலிருந்து வெளிவரும். அதற்குள் பேட்டரியின் அமைப்பும் மாறிவருகிறது. டெஸ்லாவும் பிஒய்டியும் 2022 முதல் சில மாடல்களில் செல்களைக் காரின் உடற்சட்டத்தோடு ஒன்றாக்கியிருக்கின்றன. எடையும் செலவும் குறையும், ஆனால் லீஃபில் செய்ததுபோல் ஒரு மாட்யூலை மட்டும் எடுத்து மாற்றுவது கடினம். சிறு பழுதுக்காக முழு பேட்டரியும், சில வேளை முழுக் காரும் கழிக்கப்படுவது பெரும் வீண்.

2023 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய ஒன்றியத்தின் பேட்டரி ஒழுங்குமுறை இதில் ஒரு பகுதியைத் தொடுகிறது. 2024 ஆகஸ்ட் 18 முதல், பேட்டரியின் நலத்தைக் காட்டும் உள் தகவல்களைப் படித்துப் பார்க்கும் உரிமை அதை வாங்கியவருக்கு உண்டு. 2027 பிப்ரவரி 18 முதல் ஒவ்வொரு மின்சாரக் கார் பேட்டரிக்கும் மின்னணுக் கடவுச்சீட்டு கட்டாயம். பேட்டரியைப் பிரிக்கும் முறையும் அதில் இடம்பெற வேண்டும். அந்தப் பகுதியைப் பார்க்கும் அனுமதி பொதுமக்கள் எல்லோருக்கும் இல்லை, அதற்கு நியாயமான தேவை உள்ளவர்களுக்கு மட்டுமே.