பாரிஸ் சேர்ந்த பந்தய வண்டி

பழைய பொருளொன்றைப் புதிதாக்குவது எளிது. அதனை அதன் பழைய நிலைக்குக் கொண்டுவருவதே அரிது. புதிதாக்குவதற்கு வண்ணமும் முலாமும் கூலியும் இருந்தால் போதும். பழைய நிலைக்குத் திருப்புவதற்கோ, அந்நிலை யாது என்பதை முதலில் அறிந்தாக வேண்டும். அறிவதற்குச் சான்று வேண்டும்; சான்றை எடைபோடும் பொறுமை வேண்டும்; சான்று இல்லாத இடத்தில் கையை நிறுத்திக்கொள்ளும் அடக்கமும் வேண்டும். வரலாறு எழுதுவோனுக்கு வேண்டிய குணங்களும் இவையே அல்லவா? ஆதலின், அமெரிக்கப் பந்தய மோட்டார் வண்டியொன்று பழைய கோலம் பெற்ற வரலாற்றை இன்று உங்களுக்குக் கூற விரும்புகிறேன்.

முதலில் அந்தப் பந்தயத்தைப் பற்றிச் சிறிது தெரிந்துகொள்வோம். 1908ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 12ஆம் நாள், நியூயார்க் நகரின் டைம்ஸ் சதுக்கத்தில் ஆறு மோட்டார் வண்டிகள் புறப்படுவதற்கு ஆயத்தமாக நின்றன. அவற்றுள் மூன்று பிரெஞ்சு வண்டிகள். ஜெர்மனி, இத்தாலி, அமெரிக்கா ஆகிய நாடுகளுக்கு ஒவ்வொரு வண்டி. நியூயார்க் டைம்ஸ் என்னும் செய்தித்தாளும், பாரிஸ் நகரத்து லெ மத்தேன் என்னும் செய்தித்தாளும் சேர்ந்து நடத்திய பந்தயம் அது. சேரவேண்டிய இடம் பாரிஸ். ஆனால் கிழக்கே அட்லாண்டிக் கடலைக் கடந்து அன்று; மேற்கு நோக்கியே செல்ல வேண்டும்! அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்து, அலாஸ்காவை அடைந்து, உறைந்து கிடக்கும் பேரிங் நீரிணையைப் பனியின்மீதே தாண்டி, சைபீரியா வழியாக ஐரோப்பாவை அடைவது என்பது முதலில் வகுத்த திட்டம். நகர எல்லையைத் தாண்டினால் நல்ல சாலை என்பதே அரிதாயிருந்த காலத்தில் இப்படியொரு திட்டம் போட்டவர்களின் துணிவை என்னென்பது!

அமெரிக்காவின் சார்பில் ஓடிய வண்டிக்குத் தாமஸ் ஃபிளையர் என்று பெயர். பஃபலோ நகரத்துத் தாமஸ் கம்பெனியார் 1907இல் செய்த வண்டி அது. நான்கு சிலிண்டர்களும் 60 குதிரைத் திறனும் கொண்டது. இப்பந்தயத்துக்கென்றே தனியாகச் செய்யப்பட்டதன்று. விற்பனைக்காகச் செய்த வண்டிகளுள் ஒன்றே கடைசி நேரத்தில் பந்தயத்துக்கு அனுப்பப்பட்டது. அதனுடன் சென்றவர்களுள் ஒருவர் அந்தத் தொழிற்சாலையிலேயே வேலை பார்த்துவந்த ஜார்ஜ் ஷூஸ்டர் என்னும் இயந்திரப் பணியாளர். வழியில் ஓட்டுநர்கள் மாறினர்; ஷூஸ்டர் மாறவில்லை. சான் பிரான்சிஸ்கோவுக்கு அப்பால் ஓட்டும் பொறுப்பும் அவரையே சேர்ந்தது. நியூயார்க்கில் தொடங்கிப் பாரிஸ் வரையில் அவ்வண்டியுடன் முழுதும் சென்ற அமெரிக்கர் அவர் ஒருவரே.

புறப்பட்ட 41 நாட்களில் தாமஸ் வண்டி சான் பிரான்சிஸ்கோவை அடைந்தது. குளிர்காலத்தில் அமெரிக்கக் கண்டத்தைக் குறுக்கே கடந்த முதல் மோட்டார் வண்டி என்ற பெருமை அதனைச் சேர்ந்தது. பின்னர்க் கப்பலேறி அலாஸ்காவில் இறங்கிப் பார்த்தபொழுது, அங்குள்ள பனிப்பாதை மோட்டாருக்கு ஏற்றதன்று என்பது தெளிவாயிற்று. ஆதலால் அங்கிருந்து திரும்பி, ஜப்பான் வழியாக ரஷ்யாவின் விளாடிவாஸ்டாக் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து சைபீரியாவைக் கடக்கத் தொடங்கினர். சேறு வண்டியை விழுங்கிய இடங்களில் ரயில் பாதையின்மீதே ஓட்டினர். கட்டைக்குக் கட்டை வண்டி அதிர்ந்தது. பல்சக்கரங்களின் பற்கள் முறிந்தன. இரும்பு அடிச்சட்டமும் விரிசல் கண்டது. கிடைத்த கருவிகளையும் கிடைத்த இரும்பையும் கொண்டு ஷூஸ்டர் அவற்றைச் சீர்செய்து, மேலும் ஓட்டினார்.

ஜூலை 26ஆம் நாள் ஜெர்மானிய வண்டியான புரோட்டோஸ் பாரிசை முதலில் எட்டியது. தாமஸ் வண்டியோ ஜூலை 30ஆம் நாள் மாலையில்தான் வந்து சேர்ந்தது. எனினும் வெற்றி தாமஸ் வண்டிக்கே. ஏனெனில், அமெரிக்காவில் வழியின் ஒரு பகுதியை ரயிலேற்றிக் கடந்ததற்காகப் புரோட்டோஸ் வண்டிக்கு 15 நாள் தண்டம் விதிக்கப்பட்டிருந்தது. அலாஸ்காவுக்குச் சென்று மீண்டதற்காகத் தாமஸ் வண்டிக்கு 15 நாள் சலுகை அளிக்கப்பட்டிருந்தது. கடல்வழியையும் சேர்த்து ஏறத்தாழ 22,000 மைல். பிடித்த காலம் 169 நாள்.

பாரிஸ் நகருக்குள் நுழைகையில் ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. வண்டியின் முன்விளக்கு சரியாக இல்லையென்று போலீஸ்காரர் ஒருவர் அதனைத் தடுத்து நிறுத்திவிட்டார். உலகத்தைச் சுற்றி வந்த வண்டி, ஒரு விளக்கு இல்லாமையால் வீதியிலே நின்றது! அவ்வழியே வந்த சைக்கிள்காரர் ஒருவர் தம் சைக்கிள் விளக்கைத் தர முன்வந்தார். அவ்விளக்கோ கழற்ற வரவில்லை. ஆகவே சைக்கிளையே தூக்கி மோட்டார் வண்டியில் ஏற்றிக்கொண்டு, அந்த வெளிச்சத்தில் நகருக்குள் சென்றனர். இந்த விளக்கை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இதற்கு வேலை இருக்கிறது.

புகழ் வண்டியைக் காக்கவில்லை. 1912இல் தாமஸ் கம்பெனி நொடித்துப் போயிற்று. அடுத்த ஆண்டு அதன் உடைமைகள் ஏலம் விடப்பட்டபொழுது, பந்தய வண்டியும் ஏலத்தில் போயிற்று. பஃபலோ நகரத்துச் செய்தித்தாள் அதிபர் ஒருவர் அதனை வாங்கினார். பல ஆண்டுகள் கழித்து, நியூயார்க்குக்கு அருகிலுள்ள லாங் ஐலண்டில் மோட்டார் பொருட்காட்சி சாலை நடத்திவந்த ஹென்றி ஆஸ்டின் கிளார்க் என்பவரிடம் அது வந்தது. 1964இல், நெவாடா மாநிலத்து ரீனோ நகரில் சூதாட்ட விடுதிகள் நடத்திப் பெருஞ்செல்வம் ஈட்டிய வில்லியம் ஹாரா என்பவர் அதனை வாங்கினார். பழைய மோட்டார் வண்டிகளைத் திரட்டுவதில் அவருக்கு இணையானவர் அந்நாளில் அரியர். பழுதடைந்து கிடந்த அவ்வண்டியைப் பழைய கோலத்துக்குக் கொண்டுவர அவர் முடிவு செய்தார்.

இங்கேதான் நமக்குரிய பாடம் தொடங்குகிறது. பழைய கோலம் என்கிறோமே, எந்தப் பழைய கோலம்?

எண்ணிப் பாருங்கள். 1907இல் தொழிற்சாலையிலிருந்து வெளிவந்தபொழுது வண்டிக்கு ஒரு கோலம் இருந்தது: புத்தம் புது வண்ணம், கீறலற்ற உடல். 1908 பிப்ரவரியில் டைம்ஸ் சதுக்கத்தில் நின்றபொழுது மற்றொரு கோலம்: நெடும்பயணத்துக்குரிய மூட்டை முடிச்சுகள், கயிறு, மண்வெட்டி, பறக்கும் கொடி. ஜூலை 30ஆம் நாள் பாரிசில் நின்றபொழுது மூன்றாவது கோலம்: சேறு, நசுங்கல், ஒட்டுப்போட்ட சட்டம், பழுதான விளக்கு. இம்மூன்றும் உண்மையே; மூன்றும் பழமையே. ஆனால் மூன்றையும் ஒரே வண்டியில் ஒருசேரக் காட்ட இயலாது. ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும்.

பெரும்பாலோர் முதற்கோலத்தையே தேர்வர். கண்ணுக்கு அழகு, கண்காட்சியில் பரிசு, விற்றால் விலை என்று பல காரணம் உண்டு. தொழிற்சாலையில் பிறந்த நாளில்கூட இல்லாத பளபளப்பை ஏற்றிவிடுவாரும் உளர். ஹாரா மூன்றாம் கோலத்தைத் தேர்ந்தார். பந்தயத்தின் முடிவில் பாரிசில் எவ்வாறு நின்றதோ அவ்வாறே நிறுத்த வேண்டும் என்பது அவர் கொண்ட கொள்கை. ஏன் அது சரியான தேர்வு என்று நான் கருதுகிறேன் தெரியுமா? 1907இல் அது பல வண்டிகளுள் ஒரு வண்டி. பாரிசில் நின்றபொழுதுதான் அது உலகில் வேறெதுவும் பெறாத சிறப்பைப் பெற்ற வண்டி. அச்சிறப்பின் சான்று அதன் வடுக்களே. வடுவை மறைத்தால் சிறப்பும் மறைந்துவிடும்.

அடுத்த கேள்வி: அந்த வண்டி உண்மையாகவே பாரிஸ் சென்ற வண்டிதானா? ஒரே அச்சில் வார்த்தவைபோல் பல வண்டிகள் வெளிவந்திருக்கும்பொழுது, இதுதான் அது என்று எவ்வாறு துணிவது? நல்வினைப் பயனாக, அறிந்த சாட்சி உயிருடன் இருந்தார். 1873இல் பிறந்த ஷூஸ்டருக்கு அப்பொழுது வயது 91. அவரை ரீனோவுக்கு அழைத்தனர். வெளித்தோற்றத்தைக் கண்ட மாத்திரத்தில் அந்த முதியவர் தலையசைத்துவிடவில்லை. வண்டியைப் பகுதி பகுதியாகப் பிரித்தபொழுது, தாம் செய்த பழுதுபார்ப்பின் தடங்களை அதன் சட்டத்திலே கண்டார். கண்ட பின்னரே இது அதுவே என்று உறுதி கூறினார்.

இதன் பொருளைச் சற்றே சிந்தியுங்கள். இடையிலே வண்டி கைமாறிய ஐம்பது ஆண்டுகளில், நல்லெண்ணமுடைய ஒருவர் அந்தப் பழைய சட்டத்தை எறிந்துவிட்டுப் புதிய சட்டம் பூட்டியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? வண்டி அழகாயிருக்கும், வலிமையாயுமிருக்கும். ஆனால் ஷூஸ்டர் அடையாளம் காண அதில் ஒன்றுமே இருந்திராது. வண்டி தன் பெயரையே இழந்திருக்கும். அசிங்கம் என்று நாம் நினைக்கும் ஒட்டே அதற்குப் பிறப்புச் சான்றிதழாய் அமைந்தது.

உயிருள்ள சாட்சி எல்லா வண்டிக்கும் வாய்ப்பதில்லை. அப்பொழுது பழுதுபார்ப்போர் என்ன செய்வர்? நாம் கல்வெட்டையும் நாணயத்தையும் ஆராய்வதுபோல் அவர்களும் சான்றுகளை ஆராய்வர். இயந்திரப் பகுதிகளில் பொறித்த எண்களை ஒப்பிடுவர். ஓரிடத்தில் வண்ணத்தை மெல்ல உப்புத்தாளால் தேய்த்து, அடுக்கடுக்காய் அமைந்த பூச்சுகளுள் அடியிலிருப்பது யாது என்று காண்பர். அக்காலத்து நிழற்படங்களைத் திரட்டி, நாள் வரிசைப்படி அடுக்குவர். நிழற்படமும் ஏமாற்றக்கூடும் என்பதை மறத்தல் ஆகாது. 1908ஐ ஒட்டிய காலத்தில் பயன்பட்ட படத்தகடுகள் சிவப்பு நிறத்தை நன்கு உணரமாட்டா. சிவப்பு கறுப்பாகத் தோன்றும், நீலம் வெளுத்துக் காணும். படத்தில் கறுப்பென்று கண்டு கறுப்பு வண்ணம் பூசினால், சிவப்பு வண்டியைக் கறுப்பாக்கிய பழி வந்து சேரும். ஒரு சான்றை மற்றொரு சான்றால் சோதிக்க வேண்டும் என்று நான் வகுப்பில் முப்பத்தைந்து ஆண்டுகள் சொல்லிவந்தது இதற்காகவே.

சிறு பொருளிலும் பிழை நுழையும். கொடியையே எடுத்துக்கொள்ளுங்கள். அமெரிக்கக் கொடியில் இன்று 50 விண்மீன்கள் உள்ளன. வண்டி புறப்பட்ட நாளில் இருந்தவை 45. அது சைபீரியாவைத் தாண்டி வந்துகொண்டிருந்த அதே ஆண்டு ஜூலை 4ஆம் நாள் அவை 46 ஆயின. கடையில் கிடைக்கும் கொடியை வாங்கி அப்பழைய வண்டியில் கட்டினால், அந்தக் கொடி ஒரு பொய்யைச் சொல்லும். முன்பு சொன்ன விளக்கும் அப்படியே. இரண்டு புதிய விளக்குகளைப் பொருத்தி ஒளிரவிட்டால், பாரிஸ் போலீஸ்காரரின் கதை பொருளற்றதாகிவிடும்.

இங்கே அறிவுள்ள மாணவன் ஒருவன் என்னை மறித்துக் கேட்கக்கூடும்: "ஐயா, இல்லாத பளபளப்பை ஏற்றுவது பொய் என்றால், அழிந்துபோன சேற்றையும் நசுங்கலையும் மீண்டும் உண்டாக்குவதும் பொய்தானே?" நல்ல கேள்வி. இதற்கு விடையாக மற்றொரு வண்டியைக் காட்டுவேன். 1906இல் செய்யப்பட்ட லோகோமொபீல் என்னும் அமெரிக்கப் பந்தய வண்டி, 1908ஆம் ஆண்டு அக்டோபர் 24ஆம் நாள் லாங் ஐலண்டில் நடந்த வாண்டர்பில்ட் கோப்பைப் பந்தயத்தில் ஜார்ஜ் ராபர்ட்சன் ஓட்ட வெற்றி பெற்றது. அது தாங்கிய பந்தய எண் கொண்டு 'பழைய பதினாறு' என்று அதனை அழைப்பர். பின்னாளில் பீட்டர் ஹெல்க் என்னும் ஓவியர் பல்லாண்டுகள் அதனை வைத்திருந்தார். மோட்டார் பந்தயங்களை வரைவதிலேயே பெயர் பெற்றவர் அவர். வண்ணமும் தூரிகையும் கையிலேயே இருந்தும், அந்த வண்டியைப் புதுக்கோலம் ஆக்க அவர் முற்படவில்லை. இன்று மிச்சிகன் மாநிலத்து டியர்பார்ன் நகரில், ஹென்றி ஃபோர்டு பொருட்காட்சி சாலையில், தன் பழைய மேனியுடனேயே அது நிற்கிறது.

இவ்விரண்டு வண்டிகளையும் ஒப்பிட்டால் நெறி விளங்கும். பழைய மேற்பரப்பு எஞ்சியிருக்குமாயின், அதனைத் தொடாமல் காப்பதே முறை. ஒருமுறை தேய்த்து எடுத்த வண்ணம் மீண்டும் வராது. அது அழிந்துவிட்டதாயின், சான்றுகளால் நிறுவக்கூடிய ஒரு நாளைத் தேர்ந்து அந்நாளின் கோலத்துக்குக் கொண்டுவரலாம். அவ்வாறு செய்யுங்கால், எது பழையது, எது நாம் சேர்த்தது என்பதை எழுதிவைக்க வேண்டும். எழுதிவைத்துச் சேர்த்தது பொய்யாகாது. மறைத்துச் சேர்த்ததே பொய்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பந்தயத்துக்கென்று பேசப்பட்டிருந்த 1,000 டாலர் பரிசு ஷூஸ்டரின் கைக்கு வந்தது எப்பொழுது தெரியுமா? 1968இல்! அறுபது ஆண்டுகள் கழித்து நியூயார்க் டைம்ஸ் அதனை அவருக்கு அளித்தது. 1972இல், தம் 99ஆம் வயதில், அவர் மறைந்தார். கம்பெனி முதலாளியின் பெயரோ வண்டியின் மேலேயே இருக்கிறது. சேற்றில் படுத்து இரும்பை ஒட்டிய தொழிலாளியின் பெயர் எங்கே இருக்கிறது? அந்த ஒட்டிலேதான் இருக்கிறது. அதனைத் தேய்த்து மெருகிட்டிருந்தால், ஒரு வண்டியின் வரலாற்றோடு ஒரு மனிதனின் உழைப்பையும் சேர்த்து அழித்தவர்கள் ஆகியிருப்போம்.

ஹாரா 1978இல் மறைந்தபின் அவர் திரட்டிய வண்டிகளுட் பல விற்கப்பட்டன. எனினும் தாமஸ் ஃபிளையர் ரீனோவிலேயே தங்கிற்று. 1989இல் அங்கே திறக்கப்பட்ட தேசிய மோட்டார் பொருட்காட்சி சாலையில் அதனைக் காணலாம்.

மாணவ நண்பர்களே, உங்கள் வீட்டிலோ ஊரிலோ பழம்பொருள் ஒன்று இருக்கக்கூடும். அதனைத் துலக்க வேண்டும் என்ற ஆவலும் உங்களுக்கு எழக்கூடும். துலக்குமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். இதன் எந்த நாளை நான் காட்ட விரும்புகிறேன்? அந்நாளுக்குச் சான்று யாது? நான் தேய்க்கப் போகும் இந்தத் தடம் யாருடைய கைத்தடம்? மூன்றுக்கும் விடை கிடைத்தபின் துணியை எடுங்கள். கிடைக்காவிடில், அப்பொருளை மழையிலிருந்தும் கறையானிலிருந்தும் காத்து, விடை காண வல்லவர் வரும்வரை அப்படியே வைத்திருங்கள். அதுவும் வரலாற்றுக்குச் செய்யும் தொண்டேயாகும்.