அடிலெய்டு: ஒரு பெயரும் அது மூடிய பெயர்களும்

ஒருவரின் இயற்பெயர் ஓர் ஊருக்கு இடப்படும்போது அப்பெயரின் சொற்பொருள் மங்கி, பெயரிட்டவரின் அதிகாரமே எஞ்சி நிற்கும். ‘அதல்ஹைத்’ என்னும் ஜெர்மானியப் பெண்பெயரின் வரலாறு இதற்குத் தக்க சான்றாகும்.

பழைய உயர் ஜெர்மன் மொழியில் ‘அதல்’ என்பது உயர்குடிப் பண்பையும், ‘ஹைத்’ என்பது இயல்பு அல்லது தன்மையையும் குறிக்கும். இப்பெயர் பூண்டோருள் முதன்மையானவர் பேரரசர் முதலாம் ஓட்டோவின் மனைவி. 950-இல் முதற்கணவரை இழந்து, 951-இல் சிறைப்பட்டுத் தப்பிய அவர், 962-இல் உரோமில் பேரரசியாக முடிசூடினார். பேரன் மூன்றாம் ஓட்டோ சிறுவனாக இருந்தமையால் 991 முதல் 994 வரை ஆட்சிப் பொறுப்பையும் ஏற்றார். அவரிடத்தில் பெயரும் பொருளும் பொருந்தியிருந்தன எனலாம்.

பின்னர் இப்பெயர் பல வடிவங்களில் பரவியது. ஜெர்மன் மொழியில் ‘ஹைடி’ எனக் குறுகியது. பழைய பிரெஞ்சின் வழியே ‘ஆலிஸ்’ என ஆங்கிலத்திற்குச் சென்றது. ‘அடிலெய்டு’ என்னும் நீண்ட வடிவமும் உடன் வழங்கியது.

இவ்விரு ஆங்கில வடிவங்களும் ஆஸ்திரேலியாவில் இரு நகரங்களின் பெயர்களாயின. தெற்கு ஆஸ்திரேலியக் குடியேற்றம் 1836-இல் நிறுவப்பட்டபோது அதன் தலைநகருக்கு மன்னர் நான்காம் வில்லியத்தின் அரசியான அடிலெய்டின் பெயர் இடப்பட்டது. ஜெர்மனியின் மைனிங்கன் அரசகுடியிற் பிறந்த அவ்வரசி அந்நகரை ஒருபோதும் கண்டதில்லை. அந்நகரையும் வடகரையிலுள்ள டார்வினையும் ஏறத்தாழ 3,200 கி.மீ. நீளத்தில் இணைத்த தந்தித்தடம் 1872-இல் நிறைவுற்றது. அப்பணியை நடத்திய சார்லஸ் டாட் என்பாரின் மனைவி ஆலிஸின் பெயர் வழியிலிருந்த ஒரு நீர்நிலைக்கு இடப்பட்டது. அதுவே ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகரின் பெயராயிற்று. இவ்வாறு ஒரே பெயரின் இரு வடிவங்கள் ஒரே தந்தித்தடத்தில் அமைந்தன.

அவ்விடங்கள் பெயரற்றுக் கிடந்தவை அல்ல. அடிலெய்டு அமைந்த நிலத்தைக் கௌர்னா மக்கள் செங்கங்காருவின் பெயரால் ‘தர்ந்தான்யா’ என வழங்கினர். ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் அரெர்ண்டே மொழியில் ‘இம்பர்ன்ட்வே’ ஆகும். புதிய பெயர்கள் நிலப்படத்தில் ஏறியதும் பழைய பெயர்கள் மறைக்கப்பட்டன. பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே கௌர்னா மொழி அன்றாட வழக்கிழக்கத் தொடங்கியது.

எனினும் அம்மொழி முற்றும் அழியாமைக்கு ஜெர்மானியர் இருவரின் உழைப்பும் காரணமாயிற்று. 1838-இல் அங்கு வந்த லூத்தரன் சமயப் பணியாளர்களான தைக்கெல்மானும் ஷூர்மானும் கௌர்னா மக்களிடம் கேட்டறிந்து, இலக்கணமும் சொற்றொகுதியும் தொகுத்து 1840-இல் வெளியிட்டனர். சென்ற நூற்றாண்டின் இறுதியில் கௌர்னா மக்கள் தம் மொழியை மீட்கத் தொடங்கியபோது அந்நூலே முதன்மை ஆதாரமாயிற்று. 2002-இல் அடிலெய்டின் மையச் சதுக்கம் விக்டோரியா என்னும் அரசியின் பெயரோடு கௌர்னாப் பெயரையும் இணைத்துப் பெற்றது.

பெயரிட்டவரின் மொழியோடு நின்றுவிடும் இடப்பெயராய்வு பாதி வரலாற்றையே கூறும். அதற்கு முன்னர் அந்நிலத்தை மக்கள் எவ்வாறு அழைத்தனர் என்பதையும் காணும்போதே அவ்வாய்வு நிறைவு பெறும்.