மாத்தளைக்கும் பேராதனைக்கும் இடையே: மலையகத்தில் பட்டதாரி ஆசிரியர் பயிற்சி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

மாத்தளை நகரிலிருந்து கண்டியைக் கடந்து பேராதனையை அடைய 30 கிலோமீற்றருக்குச் சிறிது மேற்பட்ட தூரமே உண்டு. கொழும்பில் இயங்கிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1952இல் பேராதனைக்கு இடம்பெயரத் தொடங்கியது. அன்று முதல் நாட்டின் தலையாய கல்விக் கூடம் மாத்தளைத் தோட்டங்களுக்கு அண்மையிலேயே இருந்து வந்துள்ளது. எனினும், அத்தோட்டங்களில் பிறந்த ஒருவர் அங்கு பட்டம் பெற்று, ஆசிரியப் பயிற்சியும் முடித்து, தம் ஊர்ப் பிள்ளைகளுக்கு இடைநிலை வகுப்பிலே பாடஞ் சொல்லும் நிலை உருவாகத் தலைமுறைகள் கழிந்தன. இவ்வளவு குறுகிய தூரம் இத்துணை நெடிதாக நீண்டமைக்குக் காரணம் யாது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மலையகத் தமிழர் வரலாற்றில் மாத்தளைக்குத் தனியிடம் உண்டு. கோப்பிப் பயிர்ச்செய்கைக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து மன்னார்க் கரையில் வந்திறங்கிய தொழிலாளர்கள் காட்டுவழியே தெற்கு நோக்கி நடந்து, தம்புள்ளையைக் கடந்து மாத்தளையை அடைந்தனர். வழியிலே வாந்திபேதிக்கும் பசிக்கும் இரையானோர் பலர். அவ்வகையில் மாத்தளையே மலையகத்தின் வாயிலாக விளங்கியது. மலையக மக்களின் 200 ஆண்டு வரலாற்றை நினைவுகூர்ந்து 2023ஆம் ஆண்டு யூலை, ஓகஸ்ற் மாதங்களில் தலைமன்னாரிலிருந்து புறப்பட்ட நடைபயணம் மாத்தளையில் நிறைவுற்றதும் இக்காரணம் பற்றியேயாகும்.

நடந்து வந்தவர்களின் பிள்ளைகளுக்கு எத்தகைய கல்வி கிடைத்தது? 1907ஆம் ஆண்டின் கிராமியப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழியிலே தொடக்கக் கல்வி அளிக்கும் பொறுப்பைத் தோட்ட நிருவாகத்தின் மீது சுமத்தியது. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம் அப்பொறுப்பை மேலும் வலியுறுத்தியது. ஆயினும், சட்டத்தை நிறைவேற்ற ஓர் அறையும் ஓர் ஆசிரியரும் போதுமென்றே பல தோட்டத் துரைமார் கருதினர். ஒரே அறையில் ஐந்து வகுப்புகளும் அமர்ந்திருந்தன. காலையிலே படித்த பிள்ளை பிற்பகலிலே வேலைக்குச் செல்வது வழமையாயிற்று. ஆசிரியரோ பெரும்பாலும் பயிற்சி பெறாதவர். கற்பித்தலோடு தொழிலாளரின் கடிதங்களையும் மனுக்களையும் எழுதிக் கொடுக்கும் கடமையும் அவரைச் சார்ந்தது. அக்கல்வி ஐந்தாம் வகுப்பின் வாயிலிலே முடிவுற்றது என்பதே ஈண்டு நாம் மனங்கொள்ள வேண்டிய செய்தியாகும்.

இனி, ஆசிரியப் பயிற்சியின் வரலாற்றை நோக்குவோம். 1903இல் கொழும்பிலே அரசினர் ஆசிரிய கலாசாலை தொடங்கப் பெற்றது. மயில்வாகனன் என்னும் இயற்பெயருடைய சுவாமி விபுலானந்தர் அக்கலாசாலையிற் பயின்று 1912இல் பயிற்றப்பட்ட ஆசிரியரானார். அவரே பின்னர், 1943இல், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதற் தமிழ்ப் பேராசிரியராகவும் விளங்கினார். பயிற்சிக் கலாசாலைக்கும் பல்கலைக்கழகத்திற்கும் இடையே வழி அடைபட்டதன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்றாகும்.

1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகம் 1949இல் கல்வித்துறை ஒன்றை நிறுவி, பட்டதாரிகளுக்கான கல்வி டிப்ளோமாப் பயிற்சியைத் தொடங்கியது. இதனால் ஆசிரியர் உருவாக்கம் இரு நெறிப்பட்டது. பட்டம் பெறாத ஆசிரியர்களைக் கோப்பாய், பலாலி, மட்டக்களப்பு, அட்டாளைச்சேனை முதலிய இடங்களில் அமைந்த கலாசாலைகள் பயிற்றின. இடைநிலை, உயர்தர வகுப்புகளுக்குரிய பட்டதாரிகளைப் பயிற்றும் பொறுப்பு பல்கலைக்கழகத்தைச் சார்ந்தது. கல்வித் தத்துவம், கல்வி உளவியல், ஒப்பியற் கல்வி, கணிப்பீடு, பாடங் கற்பிக்கும் முறை ஆகியவற்றோடு வகுப்பறைக் கற்பித்தற் பயிற்சியும் இப்பாடநெறியில் இடம்பெற்றது.

இம்முறையின் ஓர் இயல்பு கூர்ந்து நோக்கற்பாலது. எம் நாட்டிலே பட்டதாரி முதலில் ஆசிரியராக நியமனம் பெறுகிறார். பயிற்சியோ பெரும்பாலும் சில ஆண்டுகளின் பின்னரே கிட்டுகிறது. ஆகவே, பல்கலைக்கழகப் பயிற்சி பெறுவதற்கு மூன்று தகைமைகள் முன்னரே அமைந்திருக்க வேண்டும். ஒருவர் இடைநிலைக் கல்வி முடித்தவராக இருத்தல் வேண்டும். பட்டம் பெற்றவராக இருத்தல் வேண்டும். அரசாங்க நியமனம் பெறத் தக்கவராக இருத்தல் வேண்டும். மலையகத் தமிழரைப் பொறுத்தவரை இம்மூன்று வாயில்களும் ஒருங்கே அடைபட்டிருந்தன.

முதலாவதாக, தோட்டப் பாடசாலை ஐந்தாம் வகுப்போடு நின்றது. 1945இல் சி. டபிள்யூ. டபிள்யூ. கன்னங்கராவின் முயற்சியால் இலவசக் கல்வி நடைமுறைக்கு வந்தபோதும், ஆறாம் வகுப்பே இல்லாத பாடசாலையின் பிள்ளைக்குக் கட்டணமில்லாத உயர் கல்வி எட்டாக் கனியாகவே இருந்தது. மாத்தளை நகரப் பாடசாலைகளிலே தங்கிப் படிக்கக் கூடியவர்கள் பெரும்பாலும் கங்காணி, கணக்கப்பிள்ளை, வணிகர் ஆகியோரின் பிள்ளைகளே. இரண்டாவதாக, இடைநிலைக் கல்வி இன்மையாற் பட்டதாரிகளும் தோன்றவில்லை. மூன்றாவதாக, 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. எவ்வாறேனும் படித்து முன்னேறியவருக்கும் அரச சேவையின் கதவு திறக்கவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைக் குடியுரிமை வழங்கவும் வகைசெய்தது. இங்கு இருப்போமா, அங்கு செல்வோமா என்று அறியாத பெற்றோர் தம் பிள்ளையின் பதினைந்தாண்டுக் கல்வியை எவ்வாறு திட்டமிடுவர்?

1960, 1961ஆம் ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் புறத்தே விடப்பட்டன. ஆகவே, இடைநிலைப் பாடசாலை இன்மையால் பட்டதாரி இல்லை. பட்டதாரி இன்மையால் ஆசிரியர் இல்லை. ஆசிரியர் இன்மையால் இடைநிலைப் பாடசாலை இல்லை என்னும் வட்டம் முற்றுப்பெற்றது. பேராதனையில் எத்துணைச் சிறந்த பயிற்சி நடைபெறினும் அது இவ்வட்டத்தின் புறத்தே நின்றது.

இவ்வெற்றிடத்தை ஓரளவு நிரப்பியவர்கள் வடக்கிலிருந்தும் கிழக்கிலிருந்தும் வந்த ஆசிரியர்களாவர். குளிரும் தனிமையும் பொறுத்து, மலையகத்தின் முதற் பட்டதாரிகளை உருவாக்கியவர்களுள் அவர்களும் அடங்குவர் என்பதை நன்றியுடன் கூறல் வேண்டும். ஆயினும், இடமாற்றம் கிடைத்ததும் ஊர் திரும்புவது அவர்களுக்கு இயல்பாயிற்று. மொழியிலும் சிறு இடைவெளி இருந்தது. யாழ்ப்பாணத்து ஆசிரியர் ‘கதைத்தல்’ என்பதைத் தோட்டத்துப் பிள்ளை ‘பேசுதல்’ என்றது. அவர் ‘வடிவு’ என்பதை அது ‘அழகு’ என்றது. சொற்கள் இரண்டும் தமிழே. எனினும், தன் பேச்சு பிழையென்று கருதி வாய்மூடும் பிள்ளையை எந்தப் பயிற்சி நெறியும் தனியாகக் கருத்திற் கொள்ளவில்லை. 1983 யூலை வன்செயலின் பின்னர் வெளியூர் ஆசிரியர் பலர் மலையகத்தை விட்டு நீங்கியபோது, பிறரை நம்பியிருந்த கல்வியின் நொய்மை வெளிப்பட்டது. அவ்வன்செயல் மாத்தளை நகரையும் விட்டுவைக்கவில்லை.

மாத்தளைக்கெனச் சில இடர்ப்பாடுகளும் இருந்தன. நுவரெலியாவைப் போல இங்கு தேயிலைத் தோட்டங்கள் இடையறாது பரந்து கிடக்கவில்லை. தேயிலை, இறப்பர், கொக்கோ, மிளகு ஆகியன விளையும் இவ்விடைநாட்டிலே தோட்டங்கள் கிராமங்களோடு கலந்து சிதறிக் கிடந்தன. எனவே, பாடசாலைகளும் சிறியனவாய் அமைந்தன. 1972, 1975ஆம் ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தம் இடைநாட்டுத் தோட்டங்கள் பலவற்றைத் துண்டாடியபோது தொழிலாளர் குடும்பங்கள் இடம்பெயர்ந்தன. பிள்ளைகள் சென்றபின் பாடசாலை எங்ஙனம் வளரும்?

பட்டம் பெற்றவர் யாவரும் பயிற்சியின்றியே நல்லாசிரியராவர் என்னும் எண்ணம் எம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. இத்தாலியிலே 1923ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் தொடக்கநிலை ஆசிரியருக்கெனத் தனிப் பாடசாலைகளை அமைத்தது. இடைநிலை ஆசிரியருக்கோ பட்டமும் போட்டிப் பரீட்சையுமே போதுமெனக் கொள்ளப்பட்டது. அந்நாட்டுப் பல்கலைக்கழகங்களில் இடைநிலை ஆசிரியருக்கான இரண்டாண்டுப் பயிற்சிப் பள்ளிகள் 1999இலேயே தொடங்கின. இவ்வகையில் இலங்கை அரை நூற்றாண்டு முந்திக்கொண்டது எனலாம். ஆனால் அவ்விடைக் காலத்தில் இத்தாலிய மலைக் கிராமம் ஒன்றிலிருந்து எழுந்த குரல் நாம் செவிமடுக்கத் தக்கது. புளோரன்ஸ் நகருக்கு வடக்கே பார்பியானா என்னுமிடத்தில் லொறென்சோ மிலானி என்னும் பாதிரியார் நடத்திய சிறு பள்ளியின் மாணவர் எண்மர், தம்மைப் பரீட்சையிற் தவறச் செய்த ஆசிரியைக்கு எழுதிய கடிதம் 1967இல் நூலாக வெளிவந்தது. உழவர் வீட்டுப் பிள்ளையின் வாழ்வையும் மொழியையும் அறியாத ஆசிரியர், பாட அறிவில் எத்துணை வல்லவரேனும், அப்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து வெளியேற்றவே செய்வார் என்பது அதன் சாரமாகும். மாத்தளைத் தோட்டத்து லயங்களுக்கும் இக்கூற்று முற்றும் பொருந்தும்.

1970களின் பிற்பகுதியிலிருந்து தோட்டப் பாடசாலைகள் கட்டங் கட்டமாக அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தன. 1980களில் மலையக இளைஞர்கள் ஆசிரியர்களாக நியமனம் பெறலாயினர். சுவீடன் அரசின் உதவியோடு தோட்டப் பாடசாலைகளின் கட்டடங்களும் ஆசிரியர் தரமும் மேம்பட்டன. 1985ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேசிய கல்வி நிறுவகமும், 1986ஆம் ஆண்டுச் சட்டத்தால் கல்வியியற் கல்லூரிகளும் தோன்றின. அவ்வரிசையிலே கொட்டகலை பத்தனையில் ஜேர்மனிய உதவியுடன் ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரி எழுந்தது. 1980இல் நிறுவப்பட்ட திறந்த பல்கலைக்கழகம் தொலைக்கல்வி வழியே பட்டப்பின் கல்வி டிப்ளோமாவை வழங்கியமையால், வகுப்பறையை விட்டு நீங்காமலே பயிற்சி பெறும் வாய்ப்பு ஆசிரியருக்குக் கிட்டியது. 1988, 2003ஆம் ஆண்டுகளின் சட்டங்கள் நாடற்ற நிலையைப் படிப்படியாக நீக்கின.

எனினும், இவற்றின் பயன் உடனே விளையக் கூடியதன்று. 1978இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த தோட்டத்துப் பிள்ளையொன்றை எடுத்துக்கொள்வோம். 13 ஆண்டுகள் தடையின்றிப் படித்தால் 1991இல் உயர்தர வகுப்பை முடிக்கும். பட்டம் பெற மேலும் மூன்று அல்லது நான்கு ஆண்டுகள், பின்னர் நியமனம், அதன் பின்னர் டிப்ளோமா. அதாவது, எவ்வித இடையூறும் இன்றி முன்னேறிய பிள்ளையும் 1990களின் பிற்பகுதியிலேயே பயிற்றப்பட்ட பட்டதாரி ஆசிரியராக முடியும். ஆசிரியரை உருவாக்கும் காலம் டிப்ளோமாவுக்குரிய ஓராண்டன்று. ஏறத்தாழ இருபது ஆண்டுகளாகும் என்பதை இக்கணக்கு உணர்த்துகின்றது. அந்த இருபதாண்டில் எப்படி முறியினும் ஏணி முழுவதும் பயனற்றதாகிவிடும்.

இன்று மலையகத்திலிருந்து பட்டதாரிகள் பலர் தோன்றியுள்ளனர். பல்கலைக்கழக விரிவுரையாளரும் பேராசிரியரும் உளர். ஆயினும், தமிழ்மொழி மூலம் கணிதமும் விஞ்ஞானமும் கற்பிக்கும் பட்டதாரி ஆசிரியர்களுக்கு மலையகப் பாடசாலைகளில் நிலவும் பற்றாக்குறை நீங்கவில்லை. கலைப் பட்டதாரி பெருகியும் விஞ்ஞானப் பட்டதாரி அருகியும் இருப்பது ஏனெனில், விஞ்ஞான வகுப்பும் ஆய்வுகூடமும் உள்ள பாடசாலைகள் அங்கு அரிதாக இருப்பதேயாம். முன்னைய வட்டம் முழுமையாக உடையவில்லை. ஐந்தாம் வகுப்பிலிருந்து உயர்தர விஞ்ஞான வகுப்பிற்கு இடம்பெயர்ந்திருக்கிறது.

இவ்வரலாறு எமக்கு உணர்த்துவது ஒன்றே. பல்கலைக்கழக ஆசிரியப் பயிற்சி பல்கலைக்கழகத்திலே தொடங்குவதன்று; அது ஆறாம் வகுப்பிலே தொடங்குகிறது. பயிற்சி நெறியை எவ்வளவு செம்மை செய்தாலும், அதற்கு வந்து சேரும் வழியைச் செம்மை செய்யாவிடின் அது வழியறிந்தவர்க்கே பயன்படும். இச்சஞ்சிகையைப் படிப்போருட் பலர் நாளை ஆசிரியராகும் நோக்குடையவர்கள். கற்பித்தற் பயிற்சிக்கெனப் பாடசாலை தெரிவு செய்யும் நேரம் வரும்போது, நகரத்தின் பெரிய பாடசாலைகளை மட்டும் நாடாது, எல்கடுவையிலோ இரத்தோட்டையிலோ உள்ள சிறிய பாடசாலையொன்றையும் அவர்கள் நினைத்தல் வேண்டும். முன்னோர் மன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து முடித்தனர். மாத்தளையிலிருந்து பேராதனை வரையுள்ள எஞ்சிய வழியைச் செப்பனிடுவது எம் தலைமுறையின் கடனாகும்.