ஹாலியின் காற்றும் மும்பை மதியமும்

மார்ச் மாதம் மும்பையில் இருந்திருக்கிறீர்களா? கடற்காற்று பகல் பன்னிரண்டு மணிக்குள் வந்துவிட்டால் பிழைத்தோம். கிழக்கிலிருந்து வீசும் வறண்ட காற்று அதை இரண்டு, மூன்று மணி வரை தள்ளி நிறுத்திவிட்டால் தொலைந்தோம். 1956 மார்ச் 28 அன்று சாந்தாகுருஸில் 41.7 டிகிரி பதிவாகியிருக்கிறது. பக்கத்திலேயே கடல் இருந்தும் இந்தக் கதி!

பள்ளிக்கூடத்தில் படித்ததுதான். ஒரு கிலோ தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்கும் வெப்பம், ஒரு கிலோ காய்ந்த மண்ணை ஐந்து டிகிரி வரை சூடாக்கிவிடும். அதோடு, கடலுக்குள் வெளிச்சம் பல மீட்டர் இறங்குகிறது, அலை அதைக் கலக்குகிறது, ஆவியாகும் நீர் வெப்பத்தை எடுத்துக்கொண்டு போகிறது. நிலத்திலோ எல்லாச் சூடும் மேல்தோலிலேயே தங்கிவிடும். சூடான தரையின் மேல் காற்று எழும்ப, அந்த இடத்தை நிரப்பக் கடலிலிருந்து காற்று வருகிறது.

இதைப் பருவக்காற்றுக்குப் பொருத்திப் பார்த்தவர் எட்மண்ட் ஹாலி. ஆமாம், வால்நட்சத்திரத்துக்குப் பெயர் கொடுத்த அதே ஹாலிதான். இருபது வயதில் செயின்ட் ஹெலினா தீவுக்குக் கப்பலேறிப் போய் வந்தவர். 1686ல் உலகக் காற்றுகளை ஒரு வரைபடத்தில் போட்டு, கோடையில் ஆசிய நிலம் காய்வதால்தான் இந்தியப் பெருங்கடல் காற்று உள்ளே வருகிறது என்று எழுதினார். பூமி சுழல்வதும் காற்றின் திசையைத் திருப்புகிறது என்பதை 1735ல் ஜார்ஜ் ஹாட்லி சேர்த்தார்.

அதோடு கதை முடிந்தது என்றுதான் பலரும் நினைக்கிறோம். முடியவில்லை. சிம்லாவில் நம்ம வானிலைத் துறையில் வேலை பார்த்த ஜார்ஜ் சிம்சன், 1921ல் ஒரு சிக்கலை எடுத்து வைத்தார். நிலம் அதிகம் கொதிப்பது மே மாதத்தில். மழை கொட்டுவதோ நிலம் குளிர்ந்துவிட்ட ஜூலையில். மழை பொய்த்த வருடங்களில் நிலம் இன்னும் சூடாகத்தான் இருக்கிறது. சூடுதான் மழையை இழுக்கிறது என்றால் அந்த வருடங்களில் அல்லவா வெளுத்து வாங்கியிருக்க வேண்டும்?

பூமத்திய ரேகையை ஒட்டிய மழைமேகப் பட்டை கோடையில் சூரியனோடு வடக்கே நகர்ந்து வருவதுதான் பருவமழை என்று பிறகு வந்தவர்கள் விளக்கினார்கள். பெங்களூரு விஞ்ஞானி சுலோசனா காட்கில் இதை விரிவாக எழுதியிருக்கிறார். நிலம், கடல் வித்தியாசத்துக்கும் இதில் பங்கு உண்டு. ஆனால் அது மட்டுமே காரணம் இல்லை.

ஹாலியின் விளக்கம் அப்படியே பொருந்துவது நம்ம மதியக் காற்றுக்குத்தான். 1826ல் கிழக்கிந்தியக் கம்பெனி வானாய்வகம் வைத்த கொலாபா, மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த முனை. மார்ச் மதியங்களில் அங்கே பதிவாகும் வெப்பத்தைவிட உள்ளே தள்ளியிருக்கும் சாந்தாகுருஸில் பெரும்பாலும் அதிகம். ஒரே ஊருக்குள்ளேயே இவ்வளவு வித்தியாசம்.

இந்தக் கணக்கில் தாராவியையும் சேர்த்துப் பாருங்கள். மாஹிம் கடல் கூப்பிடு தூரம்தான். ஆனால் கை நீட்டினால் எதிர்ச்சுவர் தட்டும் சந்துக்குள் காற்று எப்படி நுழையும்? தலைக்கு மேலே தகரம். தண்ணீரை ஒரு டிகிரி ஏற்றும் வெப்பம், அதே எடை இரும்பை ஒன்பது டிகிரி ஏற்றிவிடும். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து தலைமுறை தலைமுறையாக இங்கே வந்த நம்ம சனம் அந்தத் தகரத்துக்குக் கீழேதான் உட்கார்ந்து தைக்கிறது, சமைக்கிறது, தூங்குகிறது. பழைய குடிசைகளை இடித்து மாடி வீடு கட்டித் தருகிறோம் என்று திட்டம் போடுகிறவர்கள் எத்தனை சதுர அடி என்று பேசுகிறார்கள். மேற்கே எத்தனை ஜன்னல் என்றும் அவர்களைக் கேட்க வேண்டும்.