நாள்தோறும் வேதாகம வாசிப்பு: வினாவும் தியானமும்

வேதாகமத்தில் நாளுக்கு ஒரு சிறு பகுதியைப் படித்து, அதையொட்டிய வினாக்களுக்கு விடை தேடி, தன் வாழ்வோடு பொருத்திச் சிந்திப்பது தமிழ்க் கிறித்தவர்களின் வழக்கங்களுள் ஒன்றாகும். இவ்வழக்கத்தின் வரலாறு, தமிழ்ப் பெண்கள் எழுதப் படிக்கக் கற்ற வரலாற்றோடு பின்னிக் கிடக்கிறது.

சமயப் பாடத்தை வினா-விடையாக அமைப்பது தமிழ் அச்சின் தொடக்கக் காலத்திலேயே உண்டு. அன்றீக்கு அடிகளார் 1579-இல் கொச்சியில் வெளியிட்ட 'கிரிசித்தியானி வணக்கம்', ஆசிரியரும் மாணவரும் உரையாடும் வடிவில் அமைந்தது. ஆனால் வினா மட்டுமல்ல, விடையும் நூலிலேயே இருந்தது. மனப்பாடம் செய்தால் போதும். திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இது புதிதன்று.

1706-இல் தரங்கம்பாடிக்கு வந்த சீகன்பால்கு, புதிய ஏற்பாட்டைத் தமிழில் பெயர்த்து 1714-15 ஆண்டுகளில் அச்சேற்றினார். நூல் கைக்கு எட்டியது. எழுத்தறியாதவர் அதைப் பிறர் வாசிக்கக் கேட்கத்தான் முடிந்தது. அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள்.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவற்றுள் ஒன்று, 1834-இல் தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன். மன்னவனூர் வரை நீளும் மேல்பழனி மலையில், சமவெளியின் வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்ப 1845-இல் கொடைக்கானலில் வீடுகள் கட்டியவர்களும் இவர்களே. மலை அவர்களுக்கு ஓய்விடம். பணி பெரும்பாலும் கீழே மதுரை, திண்டுக்கல் பகுதிகளில் நடந்தது. அங்கே வீடு வீடாகச் சென்றவர்கள் 'வேதாகமப் பெண்கள்' எனப்பட்ட தமிழ்ப் பெண்கள். இவர்களைப் பயிற்றுவிக்க ஈவா சுவிஃப்ட் 1892-இல் மதுரையில் லூசி பெரி நோபிள் பள்ளியைத் தொடங்கினார்.

வேதாகமப் பெண்ணின் வேலை எளிதன்று. வெளியே வர இயலாத பெண்ணின் அடுக்களை வாசலில் உட்கார்ந்து அகர வரிசையிலிருந்து தொடங்க வேண்டும். கற்பவருக்கு எழுத்து கூடிவந்த பிறகு சுவிசேஷம். அடுத்த முறை வரும்போது முந்தைய பாடத்தைக் கேட்பார். மதமாற்ற நோக்கம் இதில் வெளிப்படையாகவே இருந்ததால் வாசலிலேயே திருப்பி அனுப்பிய வீடுகளும் உண்டு. மதம் மாறாமல், எழுத்தை மட்டும் எடுத்துக்கொண்ட பெண்களும் உண்டு. கல்வி வரலாற்றில் அவர்களுக்கும் இடம் தர வேண்டும்.

நாளுக்கொரு பகுதி என்ற ஒழுங்கு, இங்கிலாந்தில் உருவான வேதாகம வாசிப்புச் சங்கத்தின் வழியே பரவியது. 1867-இல் சிறுவர் ஊழியமாகத் தொடங்கிய இவ்வமைப்பு, ஆனி மார்ஸ்டன் என்ற ஞாயிறுப் பள்ளி ஆசிரியையின் யோசனையை ஏற்று 1879-இல் வாசிப்பு அட்டையை வெளியிட்டது. பின்னர் அட்டையோடு விளக்கக் குறிப்பேடுகளும் வந்தன. இப்பகுதி கடவுளைப் பற்றி என்ன சொல்கிறது? கைக்கொள்ள வேண்டிய கட்டளை உண்டா? வாக்குறுதி உண்டா? எச்சரிக்கை உண்டா? இவ்வினாக்களுக்கு விடை அச்சிடப்படுவதில்லை. படிப்பவரே யோசித்து எழுத வேண்டும்.